ஐந்தாம் காற்று

தமிழ் மரபு காற்றுக்குத் திசைக்கொன்றாக நான்கு பெயர்களைச் சூட்டியிருக்கிறது: கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், மேற்கிலிருந்து வீசுவது கோடை, தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை. இந்நான்கிலும் அடங்காத ஐந்தாவது காற்று ஒன்று, நெடும்பயண மோட்டார் சைக்கிளின் முகப்பில் காசு கொடுத்து மாட்டப்படும் ஒளிபுகும் தகட்டின் மேல்விளிம்பில் பிறந்து, ஒரு முழத் தூரம் வாழ்ந்து, ஓட்டுபவரின் தலைக்கவசத்தில் முட்டி மறைகிறது. திசையென ஒன்று இல்லாததாலோ, பெயர் வைக்க வேண்டியவர்கள் அதனுள் அகப்பட்டுத் தலையாட்டிக் கொண்டிருப்பதாலோ, அதற்கு இன்றுவரை பெயர் அமையவில்லை. அந்தத் தகட்டை விற்பவர் விண்ட்ஷீல்டு என்கிறார், மெக்கானிக் வைசர் என்கிறார், வாங்கியவரின் வீட்டார் 'அந்தக் கண்ணாடி' என்கின்றனர். அது கண்ணாடியால் ஆனதன்று என்பது சிறிய குறை; காற்றை அது தடுப்பதே இல்லை என்பதுதான் பெரிய குறை. எதிரே வரும் காற்றை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் வைப்பதற்கு மேல் அத்தகட்டால் எதுவும் இயலாது. ஆகவே விண்ட்ஷீல்டு தேர்ந்தெடுத்தல் என்பது, தன் உடம்பின் எந்தப் பகுதியில் காற்று விழலாம் என்று ஒருவர் தாமே முடிவு செய்துகொள்ளும் செயலாகும். அம்முடிவைப் பிறரிடம் கேட்டு எடுப்பவரின் வீட்டுப் பரண் விரைவில் நிறைந்துவிடும்.

இவ்வளவு தொல்லைக்கு இடந்தரும் பொருளை வாங்குவானேன் என்ற வினாவுக்கு, எதிர்பாராத விதமாக, வானிலைத் துறையிடம் விடை இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில், மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரையிலான வேகத்தில் காற்று சுழன்றடித்தால் அது புயல். 89 முதல் 117 கி.மீ. வரையெனில் தீவிரப் புயல். இலைகூட அசையாத ஒரு நாளில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் நோக்கிச் செல்லும் ஒருவர், துறைமுகத்தில் எந்தக் கூண்டும் ஏற்றப்படாமலும், எந்தப் பள்ளிக்கும் விடுமுறை விடப்படாமலும், புயலொன்றின் காற்றைத் தனியொருவராக மார்பில் ஏற்றுக்கொள்கிறார். அவ்வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது காற்று ஏறத்தாழ 30 கிலோ எடைக்கு நிகராக அழுத்துகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தவரின் மார்பும் தோள்களும் அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவானவை என்று கொண்டால், அரைச் சிப்பம் அரிசியை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு விழுப்புரம் வரை செல்வதற்கு அது சமம். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதியாதலால், 80-இல் அரைச் சிப்பமாக இருந்தது 100-ஐ எட்டும்போது முக்கால் சிப்பமாகிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு இது வீரம். ஆறு மணி நேரத்துக்குப் பின் இது கழுத்துவலி.

இத்தொல்லையிலிருந்து விடுபட எண்ணியவர்களின் வரலாறும் கவனிக்கத்தக்கது. ஹோண்டா நிறுவனம் 1975-இல் வெளியிட்ட கோல்டு விங், நெடும்பயண வண்டிகளுள் தலையாயது என்று பின்னர் பெயர் பெற்றதாயினும், பிறக்கும்போது முகப்பில் எந்த மறைப்பும் இல்லாமலே பிறந்தது. அமெரிக்கர்கள் அதை வாங்கிய கையோடு, கிரெய்க் வெட்டர் என்பவர் வடிவமைத்த விண்ட்ஜாமர் என்னும் பெரிய முகப்புறையை வாங்கித் தாமே பொருத்திக்கொண்டனர், ஹோண்டாவே முகப்புறையோடு கூடிய வண்டியை 1980-இல் கொண்டுவந்தது. இடையில் 1976-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர் 100 ஆர்எஸ் என்ற வண்டியின் முகப்புறையை இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடித்தெடுத்தது. காற்றுச் சுரங்கம் என்பது வண்டியை நிறுத்தி வைத்துக் காற்றை ஓடவிடும் கூடம். அங்கே வண்டியின்மேல் யாரை உட்கார வைத்தனரோ அவருடைய முதுகின் நீளத்துக்கு அம்முகப்புறை கச்சிதமாகவே அமைந்திருக்கும். அவர் நாகர்கோவிலுக்கு வண்டி ஓட்டிச் செல்லப்போகிறவர் அல்லர் என்பதுதான் சிக்கல்.

சிக்கலின் வேரைப் புரிந்துகொள்ளத் தகட்டின் மேல்விளிம்பை அருகில் நின்று பார்க்க வேண்டும். எதிர்க்காற்று தகட்டில் மோதி மேலேறி, விளிம்பைத் தாண்டியவுடன் பழைய பாதைக்குத் திரும்ப முயல்கிறது. தகட்டின் பின்னே, ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், காற்று குறைந்து அழுத்தம் தாழ்ந்திருப்பதால், விளிம்பைத் தாண்டிய காற்று அப்பள்ளத்துக்குள் சரிந்து, சுருண்டு, சுழல்களாக உதிர்கிறது. ஆற்றுப் பாலத்தின் தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துச் சுழித்துச் செல்வதைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அச்சுழல்கள் நொடிக்குப் பல முறை தலைக்கவசத்தை இடமும் வலமும் மாறி மாறித் தட்டும்போது ஓட்டுபவரின் தலை அதிர்கிறது, பார்வை நடுங்குகிறது, எதிரே வரும் பெயர்ப்பலகை இரண்டாகத் தெரிகிறது. தூய காற்று, அதாவது எதிலும் முட்டாமல் நேராக வரும் காற்று, எவ்வளவு விரைவாக வந்தாலும் ஒரே சீராகத் தள்ளுவதால் கழுத்து அதற்குப் பழகிவிடும். கலங்கிய காற்று மெதுவாக வந்தாலும் அதற்குப் பழகும் கழுத்து படைக்கப்படவில்லை. விண்ட்ஷீல்டு இல்லாதவர் களைத்துப்போகிறார். பொருந்தாத விண்ட்ஷீல்டு உடையவர், களைப்போடு தலைவலியையும் பெற்று, அதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்.

இரைச்சலும் இவ்விளிம்பின் கொடையே. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றின் ஒலி 90 டெசிபெல்லைத் தாண்டிவிடுகிறது. தொழிற்சாலையில் ஒருவர் எட்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று இந்திய விதிகள் வகுத்த எல்லையும் அதே 90 தான். தொழிலாளிக்காவது அதற்குச் சம்பளம் உண்டு.

இங்கே உயரம் என்ற சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடைக்காரரும் நண்பரும் கேட்பது நின்ற உயரத்தை. காற்று கேட்பதோ உட்கார்ந்த உயரத்தை, அதாவது இருக்கையிலிருந்து கண் வரையிலான அளவை. 170 செ.மீ. உயரமுள்ள இருவர் அருகருகே நின்றால் ஒன்றாகத் தோன்றுவர். ஒருவருக்கு உயரம் காலிலும் மற்றவருக்கு முதுகிலும் சேர்ந்திருந்தால், வண்டியில் ஏறி உட்கார்ந்தபின் அவர்களின் கண்கள் சில சென்டிமீட்டர் ஏற்ற இறக்கத்தில் நிற்கும். சுழல்களின் பட்டையோ குறுகியது. ஒருவரின் தலைக்கு மேலே அது கடந்து போகிறது, மற்றவரின் நெற்றிப்பொட்டில் இறங்குகிறது. தலைக்கவசத்தின் வடிவம், இருக்கையின் பஞ்சு அமுங்கும் அளவு, தொப்பையின் காரணமாக ஓட்டுபவர் சாய்ந்திருக்கும் கோணம் ஆகியவற்றையும் கூட்டினால், ஒருவருக்கு அமிர்தமான தகடு இன்னொருவருக்கு நஞ்சாவதில் வியப்பில்லை. ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு கி.மீ. சென்று நான்கு இட்லி தின்றுவிட்டு நூறு கி.மீ. திரும்பும் கூட்டத்தாரிடையே, எந்த விண்ட்ஷீல்டு சிறந்தது என்ற வினா எழும்போதெல்லாம் ஒவ்வொருவரும் தம் வண்டியில் உள்ளதையே கைகாட்டுவதும், ஒருவர் சொல்வதை மற்றவர் பொய் என்று கருதுவதும் இதனாலேயே. அவர்களுள் எவரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் தத்தம் முதுகுத்தண்டின் நீளத்தைக் கருத்தாக மாற்றிக் கூறுகின்றனர்.

இவ்வுண்மையைக் கட்டுரையாளர் நூலறிவால் அறியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்வது நேர்மையாகும். ஒரு 350 சிசி வண்டிக்காக அவர் மூன்று விண்ட்ஷீல்டுகளை வாங்கியவர். மூன்றையும் பிறர் சொல் கேட்டு வாங்கியவர். மூன்றுக்கும் வீட்டில் பாதி விலை சொன்னவர். முதலாவது, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையொன்றின் பையன், "அண்ணே, இதைப் போட்டா காத்தே தெரியாது" என்று உறுதியளித்துக் கொடுத்தது. நகைக்கடையின் காட்சிப்பெட்டியைப் போன்று ஒன்றேமுக்கால் அடி உயரம். பையன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மார்பில் காற்றே தெரியவில்லை, சட்டைப்பையில் வைத்திருந்த பெட்ரோல் ரசீதுகூட அசையவில்லை; ஆனால் மேல்விளிம்பு சரியாகக் கண்ணின் உயரத்தில் நின்றதால், உலகம் நடுவில் ஒரு கோடு கிழிக்கப்பட்டு மேலுலகம் கீழுலகம் என இரண்டாகிவிட்டது. அதனோடு, அறுபதைத் தாண்டியதும் யாரோ முதுகைப் பிடித்து முன்னே தள்ளுவது போன்ற உணர்வு தோன்றவே, பின்னிருக்கையில் இருந்த மனைவியாரிடம் அவர் அதுபற்றிச் சற்றுக் கடுமையாக வினவினார். "நான் எங்கங்க தள்றேன், ரெண்டு கையும் மடியிலதான் இருக்கு" என்ற விடை வந்தது. தகட்டின் பின்னுள்ள அழுத்தக் குறைவை நிரப்ப முன்னிருந்து வர இயலாத காற்று பின்னிருந்து வருகிறது என்பதும், அது தோள்மேல் ஏறி முன்னோக்கித் தள்ளும் என்பதும், உயரமான விண்ட்ஷீல்டு வாங்கியோர் அனைவரும் ஒருநாள் அறிந்துகொள்ளும் பாடங்கள். மன்னிப்புக் கேட்கப்பட்டது திண்டிவனத்துத் தேநீர்க்கடையில்.

இரண்டாவது, ஏற்றி இறக்கும் வசதி உள்ளது. உயர்விலை வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஒன்று தகட்டை ஏற்றி இறக்கும். இதில் அவ்வேலையை அலன் கீ ஒன்றும், நான்கு போல்ட்டும், முக்கால் மணி நேரமும் செய்தன. ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் இயல்பான நடுக்கத்தால் போல்ட்டுகள் தாமாகவே தளர்ந்து, தகடு ஓட்டுபவரைக் கேளாமல் தன் உயரத்தைத் தானே தேர்ந்துகொண்டது என்பது மட்டும் அதன் சிறப்பு. மூன்றாவது, புகைநிறக் கறுப்புத் தகடு, அழகுக்காக வாங்கப்பட்டது, அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, மாலை ஆறரைக்குப் பின் அதன் வழியே எதுவும் தெரியவில்லை என்பதைத் தவிர.

தகட்டின் வழியே பார்க்கக் கூடாது, தகட்டுக்கு மேலே பார்க்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி. மோட்டார் சைக்கிளின் விண்ட்ஷீல்டுக்கு வைப்பர் கிடையாது. மழைத்துளியும், ஈசலும், எதிரே வரும் லாரியின் முகப்பொளியும் கீறல்களில் பட்டுச் சிதறும்போது, அதன் வழியே பார்ப்பவர் குத்துமதிப்பாகத்தான் ஓட்ட முடியும். எனவே மேல்விளிம்பு பார்வைக் கோட்டுக்கு இரண்டு மூன்று விரற்கடையாவது கீழே நிற்க வேண்டும். அதற்குமேல் எவ்வளவு இறக்கலாம் என்பது அவரவர் கழுத்தின் பாடு.

பொருள் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். இத்தகடுகள் பெரும்பாலும் பாலிகார்பனேட்டாலோ அக்ரிலிக்காலோ செய்யப்படுகின்றன. அக்ரிலிக் தெளிவானது, எளிதில் கீறல் விழாதது, ஆனால் கல் தெறித்தால் விரிசல் விடும். பாலிகார்பனேட் சுத்தியலுக்கும் அஞ்சாதது, ஆனால் மேற்பூச்சு இல்லாவிட்டால் வேட்டியால் துடைத்தாலும் கீறல் விழும். சுத்தியலோடு எவரும் எதிரே வருவதில்லை, துடைப்பவரோ வீட்டிலேயே இருக்கிறார் என்பதால் மேற்பூச்சைக் கேட்டு வாங்குவது நல்லது. வீட்டு ஜன்னலுக்கான நீலத் திரவத்தில் அம்மோனியா இருக்குமாயின் அதுவும், பெட்ரோலும், பிரேக் எண்ணெயும் பாலிகார்பனேட்டைப் பதம் பார்த்துவிடும். பூச்சி ஒட்டியிருந்தால் ஈரத்துண்டைப் பத்து நிமிடம் போர்த்தி ஊறவைத்த பின்னரே துடைக்க வேண்டும். சாலைத்தூசியில் மணல் இருப்பதால், உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். கட்டுரையாளரின் முதல் தகடு ஒரே ஞாயிற்றுக்கிழமையில், பழைய பனியன் ஒன்றால், பனிக்காலத்து ஊட்டியின் காட்சியைப் பெற்றது.

பக்கவாட்டுக் காற்றைப் பற்றி எந்தக் கடையிலும் சொல்வதில்லை. அதை ஆரல்வாய்மொழிதான் சொல்லித்தரும். திருநெல்வேலியிலிருந்து வந்து காவல்கிணறு தாண்டி நாகர்கோவிலுக்குத் திரும்பும் சாலையில், தென்மேற்குப் பருவக்காலத்தில், மலைக்கணவாயின் இடைவெளி வழியே பீறிட்டு வரும் காற்றின் பொருட்டே முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்கின்றன. காற்றாலை வைக்கத் தகுந்த இடம் என்று பொறியாளர்கள் கண்டறிந்த இடத்தில் பெரிய தகடொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போவது அறிவுடைமையா என்பது அங்கே போனபின் தோன்றும் வினா. கையில் என்று சொன்னது அணியன்று. ஹேண்டில்பாரில் கிளாம்ப் போட்டு மாட்டப்படும் தகட்டின்மேல் விழும் காற்று நேரே ஹேண்டிலைத் திருப்புகிறது. வண்டியின் சட்டத்தில் அசையாது பொருத்தப்படும் தகட்டில் இத்தொல்லை குறைவு. முன்னதை மாட்டியிருந்த கட்டுரையாளர், ஆடி மாதத்து நண்பகலில், நாகர்கோவிலுக்குப் போக விரும்பிய தம் கருத்தையும் வயலுக்குள் போக விரும்பிய தகட்டின் கருத்தையும் இணக்கப்படுத்தியபடி பல கிலோமீட்டர் தூரம் சாய்ந்த நிலையிலேயே சென்றார். அங்கே மேல்காற்று ஒன்றுதான் வீசியது; பழைய நூல்கள் அதற்குக் கோடை என்று பெயரிட்டதில் தவறேதும் இல்லை, வாய்விட்டுச் சொல்ல நேர்ந்த பெயர்கள்தாம் வேறு.

பின்னிருக்கைக்காரருக்கு விண்ட்ஷீல்டு இலக்கியத்தில் இடமே ஒதுக்கப்படாதது பெரும் அநீதி. பெரும்பாலான நெடும்பயண வண்டிகளில் பின்னிருக்கை முன்னிருக்கையைவிட உயரமானது. முன்னிருப்பவர் தம் தலைக்கு மேலே அனுப்பிவிட்டதாக மகிழும் காற்று, மறைந்து போவதில்லை, அடுத்த வரிசைக்குப் போகிறது. இதை முறைப்படி சோதித்தறிய விரும்புவோர், இருபது நிமிடம் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் போதும். வண்டி ஓட்டத் தெரிந்த மனைவி வேண்டும் என்பது ஒன்றே தடை.

இறுதியில் பயன்பட்டது திருமண அழைப்பிதழ். தகட்டை மாற்றுவதற்கு முன் அதன் உயரத்தை அட்டையால் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம் என்பது பலரும் கையாளும் எளிய வழி. வீட்டில் அட்டை என்று தேடியபோது, தடித்த, தங்கநிற எழுத்துப் பொறித்த, எறிய மனம் வராத அழைப்பிதழ்களே கட்டுக்கட்டாகக் கிடைத்தன. அவற்றுள் இரண்டைத் தகட்டின் மேல்விளிம்பில் பழுப்பு டேப்பால் ஒட்டிக்கொண்டு, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையில், விடியற்காலையில், சீரான 70 கி.மீ. வேகத்தில் சோதனை தொடங்கியது. நான்கு விரற்கடை கூட்டியபோது தலையின் ஆட்டம் கூடியது. ஒட்டியதைக் கழற்றியபோது பழைய ஆட்டம் திரும்பியது. பின்னர்த் தகட்டையே கழற்றிவிட்டு, வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்திருந்த, இரண்டு ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த ஒரு சாணளவுச் சிறு தகட்டை மாட்டியபோது, மார்பில் காற்று ஓரளவு பட்டது, தலைக்கவசத்தில் தூய காற்று பட்டது, தலை ஆடவில்லை. இடக்கையை முகத்துக்கு நேரே கிடையாகப் பிடித்து மெல்ல உயர்த்தி இறக்கினால் கலங்கிய காற்று எங்கே முடிந்து தூய காற்று எங்கே தொடங்குகிறது என்பதை உள்ளங்கையே சொல்லிவிடும். ஆளில்லாச் சாலையில் மட்டும் செய்யத்தக்க இச்சோதனையில், எல்லைக்கோடு தோளுக்குச் சற்று மேலே, தாடைக்குக் கீழே அமைந்திருப்பது தெரிந்தது. மணமக்களுள் ஒருவரின் பெயர் தாங்கிய பாதி அழைப்பிதழ் நெமிலிச்சேரி அருகே பறந்துபோயிற்று.

அதன்பின் செய்யப்பட்ட திருத்தம் ஒன்றே ஒன்று. சிறு தகட்டுக்கும் அது பொருந்தும் பிடிக்கும் இடையே ஒவ்வொரு போல்ட்டிலும் நைலான் வாஷர்கள் சிலவற்றைக் கோத்து, கீழ்விளிம்பில் சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி விடப்பட்டது. அதன் வழியே நுழையும் சிறிதளவு காற்று, தகட்டின் பின்னுள்ள அழுத்தக் குறைவை நிரப்பிவிடுவதால், மேலிருந்து காற்று சுருண்டு விழ வேண்டிய அவசியம் குறைகிறது. விலையுயர்ந்த தகடுகளில் வெட்டப்பட்டிருக்கும் துளைகள் செய்யும் வேலையும் இதுவே. புதுப்பேட்டையில் வாஷர்களுக்கான செலவு ஒரு தேநீரின் விலையை எட்டவில்லை. இரைச்சலுக்கு மருந்துக்கடையில் விற்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான் போதுமானதாக இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டால் பின்னிருக்கையிலிருந்து வரும் சொற்களும் கேட்பதில்லை என்பது குறையா நிறையா என்பதில் வீட்டில் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை.

மூன்று பெரிய தகடுகளும் இப்போது பரணில், கொலுப்படிகளுக்குப் பின்னால், போர்வை சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டுரையாளருக்கு இருக்கையிலிருந்து கண் வரை 72 செ.மீ.; 80 செ.மீ. அளவு உள்ளவர் எவரேனும் இருந்தால், முதலில் ஓர் அழைப்பிதழை ஒட்டிப் பார்த்துவிட்டு, பொருந்துமெனத் தோன்றினால் வந்து எடுத்துச் செல்லலாம். நட்டும் போல்ட்டும் தனியே ஹார்லிக்ஸ் புட்டியில் உள்ளன. கறுப்புத் தகட்டுக்கு மட்டும் ஒரு வாஷர் குறைகிறது.